தாய்க்கோழியிலிருந்து தொடங்குங்கள்: கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், கிழக்கு மாகாணப் பணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்தில் இரண்டு கொட்டில்கள் வைத்து, தொகுதிக்கு மூவாயிரம் புரொய்லர் கோழிகளை வளர்த்து விற்றுப் பிழைக்கும் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். நாட்டிலுள்ள புரொய்லர் தாய்க்கோழிப் பண்ணைகள் அனைத்திலும் சல்மொனெல்லா என்ற பற்றீரியாவுக்கு எதிரான தடுப்புமருந்தை, அதற்கேற்ற ஒழுங்கான பரிசோதனையுடன் சேர்த்துக் கட்டாயமாக்க வேண்டும் என்றும், அந்த விபரம் ஒவ்வொரு குஞ்சுப் பெட்டியுடனும் எழுத்தில் வளர்ப்பவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்றும் கேட்பதே என் நோக்கம்.

எனக்குக் குஞ்சுகள் குருநாகல் பக்கமிருந்து வருகின்றன. இரவில் லொறியில் ஏற்றப்பட்டு, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் கடந்து, விடியும் நேரத்தில் கொட்டில் வாசலுக்கு வந்துவிடும். பெட்டிகளுடன் வரும் சிட்டையில் குஞ்சின் இனம், பொரித்த திகதி, ராணிக்கெட், கம்போரோ போன்ற நோய்களுக்குக் கொடுத்த தடுப்புமருந்து ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அந்தக் குஞ்சின் தாய்க்கோழிகள் எப்போது, எந்த முறையில் சல்மொனெல்லாவுக்குப் பரிசோதிக்கப்பட்டன, அவற்றுக்குத் தடுப்புமருந்து கொடுக்கப்பட்டதா என்பது பற்றி எனக்கு வந்த சிட்டைகளில் ஒரு வரிகூட இருந்ததில்லை. நான் வாங்கும் பொருளைப் பற்றி எனக்கு மிக அவசியமான செய்தி அதுவாகத்தான் இருந்தது என்பதை ஒரு தொகுதியை இழந்த பிறகுதான் உணர்ந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு மாதத்தில் இறக்கிய குஞ்சுகள் அவை. இரண்டாம் நாளே பல குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வெயிலிலும் மின்குமிழின் கீழ் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. எச்சம் காய்ந்து மலவாயை அடைத்திருந்தது. இறந்தவற்றை எங்கள் பிரிவின் கால்நடை வைத்தியர் வெட்டிப் பார்த்தபோது, வயிற்றுக்குள் மஞ்சட்கரு உறிஞ்சப்படாமல் நாறிக் கிடந்தது. மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குப் போயின. சல்மொனெல்லா இருப்பதாக முடிவு வந்தது. அந்த முடிவு கிடைப்பதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் இறந்துவிட்டன, எஞ்சியவற்றுக்கு அன்டிபயோட்டிக் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். குஞ்சு தந்த பொரிப்பகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். உங்கள் உமியில் இருந்திருக்கும், எலியிலிருந்து வந்திருக்கும், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அவை அத்தனையும் நியாயமான சந்தேகங்கள். எலியும் உமியும் தண்ணீரும் தீனும் இந்தப் பற்றீரியாவைக் கொண்டுவரக்கூடியவைதாம். ஆனால் வந்திறங்கிய நாளிலேயே குஞ்சுப் பெட்டியின் அடித்தாளை எடுத்து, அதில் படிந்திருந்த முதல் எச்சத்தைச் சோதித்திருந்தால், நோய் எங்கிருந்து தொடங்கியது என்பது அன்றே தெரிந்திருக்கும். அந்தத் தாள்களை நான் வழக்கம்போல எரித்துவிட்டேன். அப்படி ஒரு சோதனை உண்டென்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு வாசித்தும், வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். தங்களுக்கு இவை தெரியாதவை அல்ல என்பதை அறிவேன். இந்த மடலை வாசிக்கப்போகும் சக வளர்ப்பாளர்களுக்காகவும் கோழிக்கடைக்குப் போகும் பொதுமக்களுக்காகவும் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சல்மொனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் ஊரில் நெருப்புக்காய்ச்சல் என்று சொல்லும் நோயை உண்டாக்கும் டைபி என்ற வகை மனிதரில் மட்டுமே வாழ்வது. அதைக் கோழி கொண்டுவருவதில்லை. புல்லோரம், கலினாரம் என்ற இரண்டும் கோழியைக் கொல்பவை. அவை வந்தால் வளர்ப்பவருக்குப் பெரும்பாலும் விரைவில் தெரிந்துவிடும். என்டெரிடிடிஸ், டைபிமியூரியம் முதலியவற்றின் போக்கு வேறு. இளங்குஞ்சுகளில் சில இறக்கலாம். ஆனால் ஒரு வாரம் தாண்டிய கோழி பெரும்பாலும் எந்த நோய்க்குறியும் காட்டாமல், நன்றாகத் தின்று, எடையும் போட்டு, குடலில் பற்றீரியாவைச் சுமந்தபடியே கடைக்குப் போய்ச் சேரும். கோழிக்கு ஒன்றும் ஆகாது. உண்பவருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும், அவர் குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நோயென்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வளர்ப்பவர் தன் அனுபவத்தைக் கொண்டு தடுத்துவிட முடியாது. என் கொட்டிலில் அன்று குஞ்சுகள் இறந்ததால்தான் நான் விழித்துக்கொண்டேன்; அதற்கு முன் எத்தனை தொகுதிகள் சத்தமின்றி என் கையைக் கடந்து போயினவோ என்ற எண்ணம் என்னை இன்றும் உறுத்துகிறது.

இந்தப் பற்றீரியா தாயிலிருந்து குஞ்சுக்கு வருவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. என்டெரிடிடிஸ் போன்ற வகைகள் தாய்க்கோழியின் சூலகத்திலும் முட்டைக் குழாயிலும் குடிகொண்டு, ஓடு உருவாகுமுன்னரே முட்டைக்குள் புகுந்துவிடும். மற்றையது ஓட்டின் வழி. இட்டவுடன் சூடாக இருக்கும் முட்டை ஆறும்போது உள்ளே சுருங்கி, ஓட்டின் நுண்துளைகளூடாக வெளியிலுள்ளதை உறிஞ்சுகிறது. அப்போது ஓட்டில் எச்சம் பட்டிருந்தால் அதிலுள்ள பற்றீரியாவும் சேர்ந்தே உள்ளே போகும். இவ்வாறு கெட்ட முட்டைகள் ஆயிரத்தில் ஒரு சில இருந்தாலே போதும். பொரிக்கும் பெட்டிக்குள் ஓடு உடைந்து, ஈரமும் பஞ்சும் தூசியும் காற்றாடியால் சுழற்றப்படும்போது, பக்கத்துத் தட்டுகளில் பொரிக்கும் நல்ல குஞ்சுகளும் அதைச் சுவாசித்தும் கொத்தியும் பெற்றுக்கொள்கின்றன. பிறந்த குஞ்சின் குடலில் அதைக் காக்கும் நல்ல நுண்ணங்கிகள் இன்னும் குடியேறியிருக்க மாட்டா. வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாத அளவு சின்னஞ்சிறு எண்ணிக்கையே அந்தக் குஞ்சின் குடலைப் பிடித்துக்கொள்ளப் போதும்.

அப்படியாயின் புரொய்லர் குஞ்சுக்கே தடுப்புமருந்து கொடுத்தால் என்ன என்று எங்களில் சிலர் கேட்கிறார்கள். புரொய்லர் 35 முதல் 42 நாட்கள் வரையே வாழ்கிறது. அதன் உடல் எதிர்ப்பாற்றலைக் கட்டியெழுப்பி முடிப்பதற்குள் விற்பனைக்குப் போய்விடுகிறது. தொற்றும் முதல் சில நாட்களிலேயே நேர்ந்துவிடுகிறது. அந்த நாட்களில் குஞ்சைக் காக்கக்கூடியது தாய் மஞ்சட்கருவில் வைத்து அனுப்பும் பிறபொருளெதிரி எனும் நோயெதிர்ப்புப் பொருள்தான். தடுப்புமருந்து பெற்ற தாய் அதை நிறைய அனுப்புகிறது. அது சில வாரங்களில் குறைந்து மறைந்தாலும் மிக ஆபத்தான நாட்களில் துணை நிற்கிறது. அதைவிட முக்கியமாக, தடுப்புமருந்து பெற்ற தாயின் சூலகத்திலும் குடலிலும் பற்றீரியா தங்குவது குறைவதால், கெட்ட முட்டையே குறைகிறது.

தாய்க்கோழிக்குக் கொடுக்கப்படும் மருந்து இரண்டு வகைப்படும். வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள பற்றீரியாவைக் கொண்டது ஒன்று. அதைக் குஞ்சுப் பருவத்தில் தெளித்தோ தண்ணீரில் கலந்தோ கொடுப்பார்கள், அது குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்குகிறது. கொல்லப்பட்ட பற்றீரியாவைக் கொண்டது மற்றது. அதை முட்டையிடத் தொடங்கு முன்னர், சுமார் 10 முதல் 12 வார வயதில் ஒரு தடவையும் 16 முதல் 18 வார வயதில் இன்னொரு தடவையும் ஊசியால் ஏற்றுவார்கள், மஞ்சட்கருவுக்குப் போகும் பிறபொருளெதிரி பெரும்பாலும் இதனாலேயே பெருகுகிறது. இரண்டையும் முறையாகச் சேர்த்துக் கொடுப்பதே அதிக பலன் தரும் என்பது இத்துறையினரின் பொதுவான அனுபவம்.

இதன் பலனைத் தாயிலிருந்து இறைச்சி வரை பின்தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2010இல் வெளியானது. தடுப்புமருந்து பெற்ற தாய்க்கோழிகளில் சுமார் 38 சதவீதத்தின் குடலிலும், பெறாதவற்றில் 64 சதவீதத்தின் குடலிலும் சல்மொனெல்லா காணப்பட்டது. அவற்றின் குஞ்சுகளில் அது 18 சதவீதத்துக்கு 33 சதவீதம் என்றும், இறைச்சி ஆலைக்குள் நுழையும் கோழிகளில் 23 சதவீதத்துக்கு 33 சதவீதம் என்றும் இருந்தது. இந்த எண்களை நான் இரண்டு விதமாகவும் வாசிக்கிறேன். தாய்க்குப் போட்ட மருந்து ஆறு வாரங்களுக்குப் பிறகு குஞ்சின் இறைச்சிவரை கைகொடுக்கிறது என்பது உண்மை. தாயில் இருந்த பெரிய இடைவெளி இறைச்சிக்கு வரும்போது சுருங்கிவிடுகிறது என்பதும் உண்மை. இடையிலுள்ள கொட்டில், தீன், எலி, கூடை, லொறி எல்லாம் சேர்ந்து அந்தப் பலனைக் கரைக்கின்றன. அந்தப் பகுதி எங்கள் பொறுப்பு. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தொடக்கமே அழுக்காக வந்தால் நாங்கள் எவ்வளவு கழுவினாலும் தீராது.

மருந்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு வகைக்கு எதிராகச் செய்த மருந்து, மேற்பரப்பு அமைப்பில் அதற்கு நெருங்கிய வகைகளையே நன்கு தடுக்கிறது. என்டெரிடிடிஸுக்கான மருந்து, அந்த அமைப்பில் வேறு குழுவைச் சேர்ந்த இன்ஃபான்டிஸையோ கென்டக்கியையோ அதே அளவில் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே எந்த மருந்து என்று தீர்மானிக்கும் முன், இலங்கையின் தாய்க்கோழிப் பண்ணைகளிலும் பொரிப்பகங்களிலும் எந்தெந்த வகைகள் உலவுகின்றன என்பதைத் திணைக்களம் கண்டறிந்து ஆண்டுதோறும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் நம் நாட்டின் சொத்து. இந்த வேலையை அங்கு ஒப்படைப்பதே பொருத்தம். பண்ணைகளின் பெயரைப் போடத் தேவையில்லை. எத்தனை தொகுதிகளில் எந்த வகை என்ற அட்டவணை ஒன்று போதும்.

இனி, பரிசோதனைக்கும் தடுப்புமருந்துக்கும் இடையிலுள்ள சிக்கலுக்கு வருகிறேன். இந்தக் கோரிக்கைக்கு வரக்கூடிய ஆட்சேபங்களில் உண்மையான கனம் உள்ளது இதுவே என்று நினைக்கிறேன். புல்லோரத்தைக் கண்டுபிடிக்க நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருவது, கோழியின் ஒரு துளி இரத்தத்தை நிறமூட்டிய பரிசோதனைத் திரவத்துடன் தட்டில் கலந்து, அது திரள்கிறதா என்று பார்க்கும் முறை. மலிவானது, பண்ணையிலேயே சில நிமிடங்களில் முடிவு தருவது. ஆனால் புல்லோரம், கலினாரம், என்டெரிடிடிஸ் மூன்றும் மேற்பரப்பு அமைப்பில் ஒரே குழுவைச் சேர்ந்தவை என்பதால், என்டெரிடிடிஸுக்குத் தடுப்பூசி போட்ட நலமான கோழியின் இரத்தமும் அந்தத் தட்டில் திரளக்கூடும். அதனால் தடுப்பூசி போட்டால் நோயுள்ள மந்தையையும் நலமான மந்தையையும் பிரித்தறிய முடியாமற்போகும் என்ற அச்சம் பரிசோதகர்களுக்கு எழுவது இயல்பே.

ஆயினும் இதற்கு வழி இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன்னரே மந்தை முழுவதையும் இரத்தப் பரிசோதனை செய்து முடித்துவிடலாம். ஊசி போடாத சில கோழிகளைக் காலில் வளையமிட்டு அதே மந்தையில் விட்டுவைத்து, பின்னர் அவற்றின் இரத்தத்தை மட்டும் பார்க்கலாம். இவற்றைவிட உறுதியானது பற்றீரியாவையே தேடுவது: சப்பாத்துக்கு மேல் துணியுறை போட்டுக்கொண்டு கூளத்தின் மேல் நடந்து, அந்தத் துணியையும், பெட்டியின் அடித்தாளையும், பொரிப்பகத்தின் பஞ்சையும் ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்ப்பது. பிறபொருளெதிரி மருந்தினால் வந்ததா நோயினால் வந்ததா என்ற குழப்பம் இதில் எழாது. உயிருள்ள மருந்தைப் பொறுத்தவரை, மருந்திலுள்ள பற்றீரியாவையும் இயற்கையில் உலவும் காட்டுவகையையும் ஆய்வுகூடத்தில் வேறுபடுத்திக் காட்டும் முறையை உற்பத்தியாளர் தராவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் 1177ஆம் இலக்க ஒழுங்குவிதியில் நிபந்தனை வைத்தது. நாமும் பதிவு அனுமதிக்கு அதே நிபந்தனையை வைக்கலாம். இரத்தப் பரிசோதனை மலிவு என்பதற்காகத் தடுப்புமருந்தை ஒதுக்குவது, அளவுகோலுக்கு ஏற்றபடி நோயை விட்டுவைப்பதாகிவிடும்.

அதே ஒழுங்குவிதி, கோழிகளில் சல்மொனெல்லாவைக் கட்டுப்படுத்தும் முறையாக அன்டிபயோட்டிக் கொடுப்பதையும் தடுத்தது. இதை என் சக வளர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். அன்று நான் தண்ணீரில் கலந்த மருந்து இறப்பை நிறுத்தியதா, அல்லது இறக்க வேண்டியவை ஏற்கெனவே இறந்து முடிந்திருந்தனவா என்று என்னால் சொல்ல இயலாது. மருந்து நின்றபின் மிஞ்சும் பற்றீரியா அதற்குப் பழகியதாக இருக்கும் என்பதை மட்டும் இப்போது அறிவேன். புளோரோகுயினோலோன் என்ற அன்டிபயோட்டிக் வகைக்கு அடங்காத சல்மொனெல்லாவை உலக சுகாதார நிறுவனம் 2017இலும் 2024இலும் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியல்களில் சேர்த்திருக்கிறது. நாங்கள் கொட்டிலில் செலவழிக்கும் மருந்து, நாளை மருத்துவமனைக் கட்டிலில் ஒரு குழந்தைக்குப் பயன்படாமற்போகலாம்.

பிரித்தானியாவில் புரொய்லர் தாய்க்கோழிகளுக்கு 1994இல் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள்; முட்டைக்கோழிகளுக்கு 1998 அளவில் அது பரவலாயிற்று. அதன் பின்வந்த ஆண்டுகளில் என்டெரிடிடிஸ் நோயாளர் எண்ணிக்கை அங்கு செங்குத்தாகச் சரிந்தது. 1988இல் முட்டை பற்றிய ஒரு பேச்சுக்காக ஓர் இளநிலை சுகாதார அமைச்சர் பதவி துறக்க நேர்ந்த அதே நாட்டில், 2017இல், ‘பிரிட்டிஷ் லயன்’ என்ற முட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளின் முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அரைவேக்காடாக உண்ணலாம் என்று அரச உணவு முகவரகம் அறிவித்தது. தடுப்பூசி மட்டுமே இதைச் செய்யவில்லை, பண்ணைச் சுத்தமும் கண்காணிப்பும் உடன் நின்றன. சுவீடன் தடுப்பூசியின்றியே இதைச் சாதித்திருக்கிறது என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான். 1953இல் அல்வெஸ்டா என்ற ஊரின் இறைச்சி ஆலையிலிருந்து பரவிய சல்மொனெல்லாவால் சுமார் 9,000 பேர் நோயுற்று 90 பேரளவில் இறந்த பின்னர், அந்த நாடு தீனைச் சூடாக்கியும், பற்றீரியா காணப்பட்ட மந்தையை அழித்தும் பல பத்தாண்டுகள் உழைத்தது. மந்தையை அழித்தால் நட்டஈடு கொடுக்கும் வசதியும், குளிர்நாட்டின் மூடிய கொட்டில்களும் நம்மிடம் இல்லை. நம் கொட்டில்கள் கம்பிவலை அடித்தவை. காற்றும் குருவியும் வந்துபோகாமல் இந்த வெயிலில் கோழி பிழைக்காது.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தாய்க்கோழி தன் முட்டையிடும் காலத்தில் ஏறத்தாழ 140 குஞ்சுகளைத் தருகிறது. அதற்குப் போடும் மருந்தின் விலையை 140ஆல் பிரித்துக் குஞ்சின் விலையில் சேர்த்தால் வரும் தொகையை நான் மனமுவந்து தருவேன். என்னோடு பேசிய வளர்ப்பாளர்களும் அதையே சொல்கிறார்கள்.

திருகோணமலையில் மாட்டிறைச்சி உண்ணாதவரும் பன்றியிறைச்சி உண்ணாதவரும் ஒரே வரிசையில் நின்று வாங்குவது கோழியிறைச்சியைத்தான். நம் வீடுகளில் கறி நன்றாகக் கொதித்து இறங்குவதால் சட்டிக்குள் இருக்கும் பற்றீரியா பிழைப்பதில்லை. கோழி வெட்டிய அதே பலகையில் சம்பலுக்கு வெங்காயம் அரிவதும், கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவித் தண்ணீரைத் தெறிக்கவிடுவதும்தான் ஆபத்து. இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தொடர்ந்தும் சொல்ல வேண்டும். ஆயினும் சமையலறையில் நிற்கும் பெண்களின் கவனத்தையே கடைசி அரணாக நம்பி, முதல் அரணைக் கட்டாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் நோய்த் தடுப்புக்கான அதிகாரத்தைத் தங்கள் திணைக்களத்தின் கையில் வைத்திருக்கிறது. அதன் கீழ் இதைக் கட்டாயமாக்குவதற்குக் காலம் எடுக்குமாயின், சிட்டையில் ஒரு வரியைச் சேர்க்கும்படி பொரிப்பகங்களை இப்போதே பணிக்கலாம்: தாய்மந்தை சல்மொனெல்லாவுக்குக் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட திகதி, முறை, முடிவு, கொடுத்த தடுப்புமருந்து. கிழக்கு மாகாணப் பணிப்பாளர் அவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். குஞ்சுப் பெட்டியின் அடித்தாளை வளர்ப்பவர் எப்படி எடுத்து, எதில் சுற்றி, எவ்வளவு நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, பிரதேச கால்நடை வைத்திய அலுவலகங்களில் கிடைக்கச் செய்யுங்கள். அந்த மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வாரத்தில் ஒரு நாளைக் குறித்துத் தாருங்கள்.

இந்த முறையைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு பண்ணை தேவைப்பட்டால் என் கொட்டில்களிலிருந்தே தொடங்கலாம். அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வந்திறங்கும் நாளை முன்கூட்டியே தங்கள் அலுவலகத்துக்கு அறிவிக்கிறேன். பெட்டித் தாள், கூளம், தீன், கிணற்றுத் தண்ணீர் அனைத்திலிருந்தும் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு எனக்குப் பாதகமாக வந்தாலும் அதை வெளியிட எனக்குச் சம்மதம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
புரொய்லர் வளர்ப்பாளர் ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை மாவட்டம்.